ஐந்தாவது குழி

"அஞ்சாவது குழியும் போட்டாச்சுங்களா, அம்மணி?"

கிட்டுசாமி அதைக் கேட்டது ஜனவரியில், பொங்கலுக்கு அடுத்த சனிக்கிழமை, போனில். இப்போது மார்ச். ஷ்யாமளா ஊர்மன்றக் கட்டடத்தின் முன்னால் காரை நிறுத்தி அணைத்த பிறகும் இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். மாலை ஏழு மணிக்குக் கூட்டம். கண்ணாடிக்கு அப்பால் ஏரி இருட்டிக்கொண்டு வந்தது. பனி உருகி இரண்டு வாரம் ஆகியிருந்தது. தண்ணீரில் ஓர் அலைகூட இல்லை.

லிண்டன்சே, நியூ ஜெர்சியின் வடக்கு மலைகளுக்குள் ஒளிந்திருக்கும் சின்ன ஊர். ஏரியைச் சுற்றி ஒரே தெரு, ஆயிரத்து எண்ணூறு பேர். நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஜெர்மனியில் இதே பெயருள்ள ஏரிக்கரைக் கிராமத்திலிருந்து நாற்பது குடும்பங்கள் இங்கே வந்து இறங்கின. குளிர்காலத்தில் ஏரியின் பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் புதைத்துவைத்து, கோடையில் பீர் ஆலைகளுக்கு விற்றுப் பிழைத்தார்கள். மூன்று பக்கமும் மலை மறைப்பதால் ஏரி சீக்கிரம் உறையும். வடகோடியில் மட்டும் அடியில் ஓர் ஊற்று ஓயாமல் சுரக்கும். மேலே பார்த்தால் எல்லா இடத்தையும் போலத்தான் அங்கேயும் வெள்ளையாக இருக்கும். கீழே தண்ணீர் பனியை அரித்துக்கொண்டே இருக்கும்.

அந்த ஊற்றில் மூன்று பேரைப் பறிகொடுத்த பிறகு அவர்கள் எழுதிய முதல் ஊர்ச்சட்டம் இதுதான்: ஏரியில் இறங்கலாம் என்று பச்சைக் கொடி ஏற்றுமுன் பனியில் ஐந்து குழி துளைத்து அளக்க வேண்டும். ஐந்தாவது, ஊற்றுக்கு மேலே.

ஊர்மன்றத்தில் மேயரோடு ஆறு உறுப்பினர்கள். சாலை, குப்பை, தீயணைப்பு என்று ஆளுக்கொரு பொறுப்பு. யாருக்கும் வேண்டாத ஏரி, புதிதாக ஜெயித்தவர் தலையில் விழும். சென்னையில் கரும்புச்சாற்றுக் கடையில் மட்டுமே பனிக்கட்டி பார்த்து வளர்ந்த ஷ்யாமளாவின் தலையில் அப்படித்தான் விழுந்தது.

கிட்டுசாமி கோபிச்செட்டிபாளையம் நகராட்சியில் முப்பது வருஷம் சுகாதார ஆய்வாளராக இருந்தவர். மகள் தென்றலோடு இருக்க இங்கே வந்தவருக்கு இரண்டே பொழுதுபோக்கு. ஒன்று, உறைந்த ஏரியில் குழி போட்டு மீன்பிடிப்பது. இன்னொன்று, ஊர்மன்றக் கூட்டம். கூட்டத்தில் பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் மூன்று நிமிஷம் பேசலாம். மேடைக்கருகில் ஒரு விளக்கு உண்டு. பச்சை எரிந்தால் பேசு, மஞ்சள் எரிந்தால் முடி, சிவப்பு எரிந்தால் உட்கார். கிட்டுசாமி சிவப்பு வரும்வரை உட்கார்ந்ததே இல்லை.

"எங்கூர் கவுன்சில்ல சேர் பறக்குமுங்க அம்மணி. இங்க கையத் தூக்கிட்டு நிக்கறாங்க. சப்புன்னு இருக்குது" என்பார் வெளியே வந்து.

அந்தச் சனிக்கிழமை ஷ்யாமளா நான்கு குழி போட்டாள். நான்கிலும் ஆறு அங்குலம். நான்கு அங்குலம் இருந்தாலே ஆள் நிற்கலாம். ஐந்தாவதற்கு அரை மைல் நடக்க வேண்டும். எடிசன் நகரில் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழா தொடங்கிவிட்டது. எண்பது பேருக்கான சர்க்கரைப் பொங்கல் காரின் முன்சீட்டில், பெல்ட் போட்டபடி, ஆறிக்கொண்டிருந்தது. சங்கத்திலிருந்து மூன்று போன் வந்துவிட்டது.

அவள் ஐந்தாவது கட்டத்திலும் ஆறு என்று எழுதினாள். கொடியை ஏற்றினாள். கிளம்பினாள்.

ஹைவேயில் போகும்போதுதான் கிட்டுசாமி கூப்பிட்டார்.

"போட்டாச்சு அங்கிள். ஆறு இன்ச். தைரியமா போங்க."

"நீங்க சொன்னாச் செரிதானுங்க."

மதியம் மூன்று மணிக்கு அவர் ஊற்றின் மேல் நடந்தார். மறுநாள் காலையில்தான் கிடைத்தார்.

அன்றிலிருந்து தினமும் மூன்று மணிக்கு ஷ்யாமளாவின் சமையலறைத் தரைக்கு அடியில் அந்தச் சத்தம் வந்தது. பனியைத் துளைக்கும் திருகு சுற்றும் சத்தம். கர்ர்... கர்ர்... ஒன்று. சற்று நேரம் கழித்து இரண்டு. மூன்று. நான்கு.

பிறகு ஒன்றுமில்லை.

அந்த ஒன்றுமில்லாததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. பாத்திரத்தைக் கையில் பிடித்தபடி ஐந்தாவதற்காகக் காத்து நிற்பாள்.

கூட்ட அரங்கம், அந்தப் பழைய ஜெர்மானியர்கள் சேர்ந்து பாடுவதற்காகக் கட்டியது. எழுந்ததும் தானாக மடங்கும், ஸ்பிரிங் வைத்த மர இருக்கைகள். மூன்றாவது வரிசையில் தென்றல் உட்கார்ந்திருந்தாள். ஷ்யாமளாவைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"சாப்டீங்களாக்கா? முகமே செரியில்லையே."

"ம். நீ?"

"இன்னிக்கு அப்பா ரிப்போர்ட்டை ஓட்டுக்கு விடறாங்களாமே. அவர்தான் கவனக்குறைவா போனாருன்னு எழுதிருக்காங்க." தென்றல் குரலைத் தாழ்த்தினாள். "எழுதட்டும். நாந்தான்க்கா தடுத்திருக்கணும். பாத்திரம் கழுவிட்டே, திரும்பிக்கூடப் பாக்காம, 'போய்ட்டு வாங்கப்பா'ன்னேன். வீட்டுக்காரரும் நீ ஏன் விட்டேன்னுதான் கேக்கறாரு."

"உன் தப்பு இல்ல தென்றல்."

"பின்ன யாரு தப்புக்கா?"

ஷ்யாமளா அவள் தோளைத் தட்டிவிட்டு மேடைக்குப் போனாள். நாற்காலியில் உட்கார்ந்தாள்.

முன்னால் அறிக்கை இருந்தது. ஐந்து இடத்திலும் பனி ஆறு அங்குலம். அளந்தவர் கையொப்பம்: அவளுடையது. தவறு இறந்தவர் மீதே. ஆறு பேரும் ஆம் என்றால் கதை முடிந்தது. பிறகு யாரும் எதையும் தோண்ட மாட்டார்கள்.

மேயர் வழக்கப்படி பொதுமக்களைப் பேச அழைத்தார். பத்துப் பன்னிரண்டு பேர்தான் வந்திருந்தார்கள். யாரும் எழவில்லை. மேயர் அடுத்ததற்குப் போக வாயெடுத்தார்.

பச்சை விளக்கு எரிந்தது.

எழுத்தர் பொத்தானைத் தட்டிப் பார்த்தார். அணையவில்லை. பேட்டரி போலிருக்கிறது என்று யாரோ சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள்.

ஷ்யாமளா சிரிக்கவில்லை. சேறும் இரும்புமாக ஒரு வாடை அவள் மூக்கில் ஏறியது. ஏரியின் அடி வாடை.

பேசுவோர் நிற்கும் மேஜையின் மேல், யாருமில்லாத இடத்தில், மரம் ஆவி படிந்து மங்கியது. இரண்டு உள்ளங்கை அளவுக்கு.

ஒலிபெருக்கியில் யாரோ மூச்சிழுத்தார்கள்.

மெதுவாக. தொண்டையில் தண்ணீர் களகளக்க.

"மைக்கை யாராவது பாருங்கள்" என்றார் மேயர். எழுத்தர் ஒயரைப் பிடுங்கினார். மூச்சு நிற்கவில்லை. மற்றவர்கள் காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். ஒயரைப் பிடுங்கிய பிறகு அது தனக்கு மட்டும்தான் கேட்கிறது என்று அவளுக்கு அப்போது புரிந்தது.

மஞ்சள்.

மேஜையின் காலடியில் பலகை கறுத்துக்கொண்டு வந்தது. ஈரம். அது மேடையை நோக்கி நகர்ந்தது, ஒரு பலகை, இன்னொரு பலகை.

சிவப்பு.

அவர் உட்காரவில்லை.

மேயர் வாக்கெடுப்பைத் தொடங்கினார். எழுத்தர் பெயர்களை வாசித்தார். யெஸ். யெஸ். யெஸ். யெஸ். யெஸ்.

"மிஸஸ் ஷ்யாமளா?"

அவள் வாயைத் திறந்தாள். சொல்லிவிட்டால் போதும், ஒரே ஒரு சொல். மூன்றாவது வரிசையில் தென்றல் குனிந்து, தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று பாத்திரம் கழுவிய கைகள்.

கர்ர்...

நாற்காலிக்கு நேர் கீழே.

கர்ர்... கர்ர்...

நாற்காலியின் கால்கள் அதிர்ந்தன. பாதத்தின் வழியாகக் குளிர் முழங்காலுக்கு ஏறியது. இன்றைக்கு நான்கு குழியும் மதியமே முடிந்துவிட்டன. அவள் எண்ணியிருந்தாள்.

"நோ" என்றாள் ஷ்யாமளா.

அரங்கம் நிமிர்ந்தது.

அவள் எழுந்தாள். ஐந்தாவது அளவு பொய் என்று ஆங்கிலத்தில் மன்றத்துக்குச் சொன்னாள். யாரோ பேனாவைக் கீழே போட்டார்கள். பிறகு மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். அதற்கு ஆங்கிலம் வரவில்லை.

"தென்றல்... நான் அந்தக் குழி போடவே இல்ல. பொங்கல் லேட்டாகுதுன்னு கிளம்பிட்டேன். அப்பா எனக்கு போன் பண்ணிக் கேட்டாரு. போட்டாச்சுன்னு சொன்னேன். என்னை நம்பித்தான் போனாரு. அவர் மேலயும் தப்பில்ல, உன் மேலயும் இல்ல. ரெண்டு மாசமா நீ அழுறதைப் பாத்துட்டு, உன் வீட்டுலயே காபி குடிச்சுட்டு, சும்மா இருந்தேன்."

சத்தம் நின்றது. விளக்கு அணைந்தது. மேயர் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார், அவள் காதில் ஏறவில்லை. சொல்லிவிட்டால் நெஞ்சில் ஏதாவது லேசாகும் என்று நினைத்திருந்தாள். ஆகவில்லை. தென்றல் கத்தட்டும், செருப்பைக் கழற்றி வீசட்டும் என்று காத்து நின்றாள்.

தென்றல் அவளையே பார்த்தாள். பிறகு கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஸ்பிரிங் இழுக்க, அவள் இருக்கை டப்பென்று மடங்கியது. அந்த வரிசையில் அவளைத் தவிர யாரும் வந்து உட்காரவில்லை. மற்ற எல்லா இருக்கைகளும் மடங்கித்தான் இருந்தன.

அவளுக்குப் பக்கத்து இருக்கை மட்டும் விரிந்திருந்தது. பாரம் தாங்கிப் பலகை வளைந்திருந்தது. அதன் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டிற்று.

தென்றல் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.

இருக்கை மடங்கவில்லை.