‘வெளியேறு’ பொத்தான்

திரையின் வலது கீழ் மூலையில் நிலவழகன் வரைந்து வைத்த ‘வெளியேறு’ பொத்தான், புரோகிராமை ஓட்டிப் பார்த்தபோது அங்கே இல்லை.

வரையும் பக்கத்துக்குத் திரும்பினான். இருந்தது. மறுபடி ஓட்டினான். இல்லை. நெல் வரவு, ஈரப்பதம், அரவைக் கூலி என்று மற்ற பெட்டிகளெல்லாம் வைத்த இடத்தில் நின்றன.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கீழ ராஜ வீதிக்குப் பின்னால் அவன் அலுவலகம் இருந்த சந்தில் ஆள் நடமாட்டமே இல்லை. பாதி இறக்கிய ஷட்டருக்கு அடியில் வெயில் வெள்ளைத் துணி போல விரிந்து கிடக்க, தலைக்கு மேல் மின்விசிறி ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை கிறீச்சிட, பூட்டிக் கிடந்த பின் அறையிலிருந்து, எத்தனை தடவை வெள்ளையடித்தும் போகாத டீசல் வாடை லேசாகக் கசிந்துகொண்டிருந்தது.

காலையில் அறந்தாங்கி அரிசி ஆலைக்காரர் மலையாண்டி போனில் கறாராகச் சொல்லிவிட்டார்.

“இன்னும் கறுப்புத் திரையில பச்ச எழுத்தா தம்பி? எம் பேரனே சிரிக்கிறான். நாளைக்குக் கலர்ல பட்டன் வச்சுக் காட்டுங்க. இல்லன்னா திருச்சிக்காரங்க வந்து மாட்டிட்டுப் போயிருவாங்க.”

அவனுக்கு மிச்சமிருந்த ஒரே பெரிய வாடிக்கையாளர். புரோகிராமோ கோபோல் என்ற அரதப் பழைய கணினி மொழியில் எழுதியது. அதற்குப் புதுத் திரை வரைந்து தரும் கருவிகளை இணையத்தில் தேடினால் எல்லாம் டாலர் விலை. கடைசியில்தான் அலமாரியில் கிடந்த பிளெஸ்ஸியின் கம்ப்யூட்டரை எடுத்தான்.

அவனிடம் வேலை பார்த்த ஆவூர்ப் பெண் அவள்.

“ஒரு டூல் வாங்கிக் குடுங்க சார். எத்தனையாவது வரி, எத்தனையாவது கட்டம்னு எண்ணி எண்ணிக் கண்ணு பூத்துப் போகுது.”

“அதையும் நீயே எழுதிரு. சம்பளம் வாங்குறேல்ல?”

எழுதினாள். பாதி வரை. இப்போது அவன் திரை வரைந்துகொண்டிருப்பது அதில்தான். எந்தத் திரையிலும் அவள் முதலில் வைப்பது ‘வெளியேறு’ பொத்தானைத்தான். “உள்ள வந்தவங்களுக்கு வெளிய போற வழி மொதல்ல தெரியணும் சார்” என்று சிரிப்பாள்.

டீக்கடைக் கண்ணுசாமி ஷட்டருக்கு அடியில் குனிந்து டம்ளரை நீட்டினார்.

“அந்தப் புள்ள கம்ப்யூட்டராட்டம் இருக்கே?”

நிலவழகன் எழுந்து போய் டம்ளரை வாங்கினான்.

“அன்னைக்கும் டீ கொண்டாந்தேன் சார். பூட்டு வெளிய தொங்குச்சு. போலீசுல நான் சொல்லல. ஒங்களுக்காக இல்ல. எம் பொழப்புக்காக.” போய்விட்டார்.

வேலை முடியும்வரை அவளை உள்ளே விட்டு வெளியே பூட்டி வைப்பது அவன் வழக்கம். “முடிச்சிட்டுக் கூப்பிடு, தெறக்குறேன்” என்பான். அன்று கரண்டு போய், பின் அறையில் ஜெனரேட்டர் ஓடி, புகை நிறைந்தபோது, சாவி அவன் சட்டைப் பையில் இருந்தது. அவன் திருமயத்தில் கல்யாணப் பந்தியில் இருந்தான். அவள் திரும்பத் திரும்ப அழைத்தாள். கெஞ்சத்தான் போகிறாள் என்று அழைப்பைத் துண்டித்தான். அவள் மூச்சு முட்டிச் செத்த பிறகு, கதவு உள்ளே தாழிட்டிருந்தது என்று போலீசுக்கு எழுதிக் கொடுத்தான்.

பொத்தானைப் பெரிதாக, சிவப்பாக வரைந்தான். ஓட்டினான்.

இல்லை.

வரையும் பக்கத்துக்கு வந்தான். அவன் வரைந்தவை எதுவும் அங்கே இல்லை. வேறு பெட்டிகள் இருந்தன. மேசை. அலமாரி. பின் அறை. மேலிருந்து பார்த்தால் இந்த அலுவலகம் எப்படித் தெரியுமோ, அப்படி. நாற்காலிப் பெட்டிக்குள் அவன் பெயர். வலது கீழ் மூலையில் ‘ஷட்டர்’.

அவன் கை மவுசில் இல்லை. அம்புக்குறி நகர்ந்தது. ஷட்டரைப் பிடித்தது. மெல்ல, மிக மெல்ல, திரையின் விளிம்புக்கு இழுத்துக்கொண்டு போனது.

முதுகுக்குப் பின்னால் இரும்பு உரசியது. தரையில் கிடந்த வெயில் சுருங்கியது. நூலானது. பிறகு அதுவும் இல்லை.

மின்விசிறி நின்றது. கரண்டு இல்லை. திரை மட்டும் எரிந்தது.

ஓடினான். வாசல் இருந்த இடத்தில் கை பட்டது. இரும்பு இல்லை. சுவர். வழுவழுவென்று சுண்ணாம்புச் சுவர்.

“கண்ணுசாமிண்ணே!”

சுவர் குரலை விழுங்கியது. போனில் அழைத்தான். மணி அடித்தது. யாரோ துண்டித்தார்கள். மறுபடி. துண்டித்தார்கள்.

பின் அறையில் கயிறு இழுபடும் சத்தம். எப்போதோ விற்றுவிட்ட ஜெனரேட்டர். இன்னொரு இழுப்பு. பிடித்துக்கொண்டது.

கதவுக்கு அடியில் புகை.

திரையில் எழுத்து ஒவ்வொன்றாக விழுந்தது.

‘முடிச்சிட்டுக் கூப்பிடுங்க சார். தெறக்குறேன்.’

அதற்குக் கீழே, வலது மூலையில், பொத்தான். ‘வெளியேறு’. மங்கிய சாம்பல் நிறத்தில், அழுத்த முடியாதபடி.

அவன் அழுத்தினான். இருமினான். அழுத்தினான்.