ஆறு மணிக்கு ஒரு ட்ரோன்

போன் அலறியது.

வெயிலுமுத்து எடுத்தார். எதிர்முனையில் இன்ஸ்பெக்டர் சங்கிலிப்பாண்டி.

"அண்ணாச்சி, எப்போதும்வென்றான் ஊர்ல கருத்தையா செத்துட்டாரு. மக்காச்சோளக் காட்டுல மருந்து அடிக்கிற ட்ரோன் திரும்பி வந்து அவரு பிடரியிலயே அடிச்சிருக்கு. எவனோ போன்லயே பாதைய மாத்தியிருக்கான்."

வெயிலுமுத்து போனைக் கீழே வைத்தார்.

கோவில்பட்டியில் உட்கார்ந்துகொண்டு மாதம் ஒரு டெக்னோ த்ரில்லர் எழுதுகிறவர் அவர். இந்த மாத நாவலில், மருந்தடிக்கும் ட்ரோனைப் போனாலேயே திருப்பிவிட்டு ஒரு நிலக்காரரைக் கொன்றிருந்தார். இதே பிடரியில்!

செத்தவரும் அந்நியர் இல்லை. மனைவி சீனித்தாயின் பெரியப்பா மகன். அவளுடைய நாலு ஏக்கர் கரிசல் நிலத்தை வளைத்துப் போட்ட ஆள். பத்து வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனாலும் இப்படியா சாக வேண்டும்...?

புத்தகம் இதற்குள் கடைக்கு வந்திருக்கும். எவனோ ஒரு வாசகன் படித்துவிட்டுச் செய்திருக்கிறான். அவனுக்குக் கத்தியைத் தீட்டிக் கொடுத்தது நான்!

சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினார். எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார்.

"எழுதினது நாந்தான். அந்தப் பாவம் என்னோடது. என்னையும் கேஸ்ல சேத்துக்கிடுங்க."

இன்ஸ்பெக்டர் சென்னைப் பதிப்பாளருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அட்டையே இன்னும் அச்சாகவில்லை, ஒரு பிரதிகூட வெளியே போகவில்லை என்று பதிப்பாளர் சலித்துக்கொண்டார். கேட்டதற்காகக் கொலைப் பக்கத்தை மட்டும் வாசித்துக் காட்டினார்.

"காலை ஆறு மணி. ட்ரோன் எழும்பியது..."

"கருத்தையா செத்ததும் ஆறு மணிக்குத்தான்," என்றார் இன்ஸ்பெக்டர். "புஸ்தகமே வரல. அப்ப இது யாருக்கு அண்ணாச்சி தெரியும்?"



வெயிலுமுத்து எழுதியது ஆறு மணி இல்லை. பகல் பன்னிரண்டு!

அவர் கையால் எழுதித் தருவார். டைப் அடித்து அனுப்புவது சீனித்தாய். அடித்ததை அவர் ஒரு நாளும் திரும்பப் படித்ததில்லை. மகளிர் குழுவில் ட்ரோன் ஓட்டப் பழகி, அவருக்கு விவரமெல்லாம் சொன்னவளும் அவள்தான்.

வாய்வரை வந்த பெயரை விழுங்கினார். சாயங்காலம் வீட்டுக்கு வருவதாகவும், அதுவரை ஊரைவிட்டு நகரக்கூடாது என்றும் சொல்லி அனுப்பினார் இன்ஸ்பெக்டர்.

சீனித்தாய் கம்ப்யூட்டர் முன் இருந்தாள்.

"ஏட்டி... நேரத்த ஏன் மாத்தின?"

அவள் திரும்பக்கூட இல்லை.

"உச்சிவெயில்ல கரிசக்காட்டுல காத்து மருந்தையெல்லாம் அள்ளிக்கிட்டுப் போயிரும். அந்நேரம் எவன் அடிப்பான்? காட்டுக்காரன் படிச்சா சிரிப்பான்லா."

வெயிலுமுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். நிலம் போனபோது அவள் அழுதாள். அன்றைக்கும் அவர் ஏதோ அத்தியாயம் எழுதிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது.

"சாயங்காலம் போலீஸ் வருது, சீனி. கதையில கடைசியா கொலைகாரி மாட்டிக்கிடுதாளே..."

"அதையும் அப்பவே மாத்திட்டேன்," என்றாள் சீனித்தாய். "கொலைகாரி வீட்டுல உக்காந்து டைப் அடிக்கா. எழுத்தாளருதான் ஸ்டேஷனுக்கு ஓடிப்போயி, நாந்தான்னு ஒத்துக்கிடுதாரு."