மூன்றாவது போர்டு

ஆன்டெனாவை அவள் இன்னும் மாட்டவே இல்லை. ஆனாலும் மூன்றாவது சர்க்யூட் போர்டு சிக்னலை முழுசாகக் காட்டியது.

ஆம்புலன்ஸ்களுக்குள் பொருத்த, உள்ளங்கை அளவில் வைஃபை ரவுட்டர் வேண்டும் என்று ஒரு மருத்துவமனை கேட்டிருந்தது. வீட்டு முன்னறையில் அவளும் அண்ணனும் நடத்தும் பட்டறைக்கு வந்த முதல் பெரிய வேலை. வாங்கி வைத்த மூன்று போர்டுகளில் எதை வைத்துச் செய்வது என்று சாயங்காலத்துக்குள் சொல்லியாக வேண்டும். முதல் போர்டில் மெமரி போதவில்லை. இரண்டாவது, மூடிய பெட்டிக்குள் அரை மணி நேரத்திலேயே கொதித்தது. மூன்றாவதில் குறையே இல்லை.

"அப்புறமென்ன குட்டி, இதையே முடிச்சிரலாம்" என்றான் அண்ணன்.

"ஆன்டெனா இல்லாம எப்படிண்ணே எடுக்குது?"

"சாமியே நேர்ல வந்தாலும் நீ அடையாள அட்டை கேப்படி!"

சிரித்துக்கொண்டே தண்ணீர் குடிக்க உள்ளே போனான். சிக்னல் படுத்துவிட்டது. திரும்பி வந்து பக்கத்தில் நின்றான். ஏறியது.

மதிய வெயில் மேசைமேல் விழுந்துகொண்டிருக்க, பற்றவைத்த ஈயத்தின் பழகிய வாசனைக்கு அடியிலிருந்து, முடி பொசுங்குவது போன்ற நாற்றம் ஒன்று மெல்லக் கிளம்பி, மின்விசிறிக் காற்றில் அறை முழுக்கச் சுற்றி, அவள் தொண்டைக்குள் இறங்கியது.

மின் வயரைப் பிடுங்கினாள். போர்டின் பச்சை விளக்கு அணையவில்லை.

"அண்ணே, தொடாதே!"

தொட்டுவிட்டான். "சூடே இல்லடி..." என்றவனின் மூக்கிலிருந்து ரத்தம் கோடாக இறங்கியது. கையை எடுக்கப் பார்த்தான். வரவில்லை. விரல்களின் தோல் மெழுகாக உருகி, சிப்புகளுக்கு இடையே ஓடியது.

"குட்டி... எடுத்து விடுடி..."

சுத்தியலை ஓங்கி அடித்தாள். போர்டு விரிசல் விட்டது. அவன் அலறினான். இன்னொரு அடி. நொறுங்கியது போர்டா, விரலெலும்பா, தெரியவில்லை. இன்னொன்று. அவள் முகமெல்லாம் ரத்தம். விளக்கு அணைந்தது. அலறலும் நின்றது.

"அண்ணே?"

அவன் தரையில் சரிந்து உட்கார்ந்தான். நல்ல கையால் போர்டுத் துண்டுகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றாக வாயில் போட்டு மென்றான். நறநறவென்று. பற்கள் உடைந்தன. உதடு கிழிந்து தொங்கியது. மெல்வதை நிறுத்தவில்லை.

அவள் கதவைப் பார்த்து ஓடினாள். கூழாகிப்போன அந்தக் கை அவள் கணுக்காலைப் பிடித்து இழுத்து வீழ்த்தியது. எலும்பில்லாத கை. உடும்புப் பிடி.

அவள்மேல் குனிந்தான். கடைசித் துண்டை மட்டும் தின்னவில்லை. அதை அவள் உதட்டில் வைத்து அழுத்தினான். குழந்தைக்குச் சோறூட்டும் குரல்.

"ஆ காட்டு."