நேரில் பார்த்தேன்

மத்தியானம் மூடிய புகார் மறுபடியும் திறந்து கிடந்தது.

புனிதவதிக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. தீபாவளி லீவுக்குப் பள்ளி விட்டாயிற்று. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பேருந்தும் போயாயிற்று. ஈப்போவில் மகள் தர்சிகா முறுக்கு மாவைப் பிசைந்து வைத்துக்கொண்டு, அம்மா எப்போது வருவாள் என்று போன் மேல் போன் அடிக்கிறாள். கிளம்புகிற நேரம் பார்த்துக் கணினித் திரையில் இந்தச் சனியன் சிவப்பாக எரிகிறது.

'பால் ஸ்டோருக்குள்ள ஒரு பிள்ள இருக்கு. கதவு தொறக்க வரல.'

அனுப்பியவர் பெயர் இல்லை. இருக்கவும் இருக்காது. பள்ளிப் பாதுகாப்புக்கென்று இந்த வருஷம் வந்த மென்பொருள் அது. அடிதடி, மிரட்டல், கேட்டோரம் நிற்கும் அறியாத ஆள் என்று யார் எதைப் பார்த்தாலும் போனில் எழுதி அனுப்பலாம், பெயர் சொல்லத் தேவையில்லை. ஆபத்தை அதுவே எடைபோட்டு மஞ்சளா சிவப்பா என்று காட்டும். அப்புறம் இரண்டு ஆசிரியர்கள் போய்ப் பார்த்து, 'நேரில் பார்த்தேன், பாதுகாப்பாக இருக்கிறார்' என்ற கட்டத்தில் குறி போட வேண்டும். இரண்டு குறியும் விழுந்தால் 'செலெசாய்' என்று பச்சையாகிவிடும். விவகாரம் முடிந்தது என்று அர்த்தம்.

இந்தப் பள்ளியில் யாரும் போய்ப் பார்ப்பதில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே குறி போட்டுவிடுவார்கள். சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட முடியாது, பயம். தோட்டத்துச் சனமெல்லாம் டவுனுக்குப் போன பிறகு ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னத் தமிழ்ப்பள்ளி இது. நாலு கேஸ் சிவப்பாக நின்றால் பெற்றோர் பிள்ளைகளைச் சுங்கை சிப்புட் பக்கம் மாற்றிவிடுவார்கள். பிள்ளை குறைந்தால் பள்ளிக்கே பூட்டு. அதனால் எல்லாம் பச்சையாக இருக்க வேண்டும். மாணவர் நலப் பொறுப்பாசிரியை என்ற முறையில் முதல் குறி எப்போதும் புனிதவதியுடையது.

தலைமையாசிரியர் சதாசிவம் காரில் ஏறும்போதும் அதைத்தான் சொல்லிவிட்டுப் போனார். “டீச்சர், லீவுக்கு முன்னாடி ஒரு சிவப்பும் நிக்கக் கூடாது. எல்லாத்தையும் செலெசாய் போட்டுட்டுப் போங்க.”

“பால் ஸ்டோர் கேஸ் மட்டும் திரும்பத் திரும்பத் தொறந்துக்குது சார். திங்கக்கெழமையிலேர்ந்து மூடுறேன்.”

“சிஸ்டம் கோளாறுலா. நீங்க மூடுங்க, பாத்துக்கலாம்.”

அவள் மறுபடியும் மூடினாள். தெலுக் இந்தானுக்குப் போகும் வழியிலிருந்து நவமணி டீச்சர் போட்ட இரண்டாவது குறி அடுத்த மூச்சில் வந்து விழுந்தது. அந்தப் பெண் எப்போதும் அப்படித்தான். 'நீங்க போட்டா நான் கண்ண மூடிக்கிட்டுப் போட்ருவேன் அக்கா, உங்கள நம்பாமலா' என்று சிரிப்பாள். பச்சை. அப்பாடா என்று புனிதவதி பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

சிவப்பு.

'டீச்சர் வந்து பாக்கவே இல்ல.'

வெளியே மழை பிடித்துக்கொண்டது. இது எந்தக் குரங்கின் வேலை என்று ஆறாம் வகுப்பு வாண்டுகளின் முகங்களை ஒவ்வொன்றாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். பாதியில் தோள்பையை இறக்கி மேசைமேல் வைத்தாள். விளையாட்டாக இல்லாவிட்டால்? திங்களிலிருந்து நிஜமாகவே ஒரு பிள்ளை உள்ளே இருந்தால்? இன்று காலை எல்லாரும் வந்திருந்தார்கள், எந்தத் தாயும் தேடி வரவில்லை, எல்லாம் தெரியும். ஆனாலும் பார்த்தேன் என்று பொய்க்குறி போட்டது அவள் கை. பார்க்காமல் வீட்டுக்குப் போய் முறுக்குப் பிழிந்தால் ஒரு வாய் இறங்குமா?

பள்ளிக்குக் காவல் இருக்கும் ஜாகா உடையப்பன் மழைச்சட்டையோடு மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். “டீச்சர், கேட்டப் பூட்டவா?”

“நீங்க போங்கண்ணே, நான் பூட்டிக்கிறேன். பால் ஸ்டோர் சாவி மட்டும் குடுங்க.”

அவர் விநோதமாகப் பார்த்தார். “அந்தக் கதவுக்கு ஏது சாவி? தாப்பாகூட கெடையாதே. தள்ளுனா தொறக்கும்.”

பால் ஸ்டோர் திடலுக்கு அந்தப்புறம் இருந்தது. ரப்பர்த் தோட்டக் காலத்தில் மரத்துப் பாலைக் கொண்டுவந்து நிறுத்து ஊற்றிய கட்டடம். மரங்களை வெட்டிச் செம்பனை நட்டவர்கள் அதை மட்டும் இடிக்காமல் விட்டுவைத்தார்கள், பள்ளி அதில் விளையாட்டுச் சாமான்களைப் போட்டு வைத்திருக்கிறது. குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு அவள் திடலைக் கடந்தாள், செம்பனை மட்டைகளில் மழை அடிக்கும் இரைச்சலுக்கும் தகரக்கூரையில் அது விழும் சத்தத்துக்கும் நடுவே, பக்கத்தில் போகப் போக வேறொரு சத்தமும் கேட்டது, உள்ளங்கையால் பலகையைத் தட்டுவது போல, அவசரமே இல்லாமல், விட்டு விட்டு, அவள் இடுப்புக்கும் கீழே இருந்து.

“யாரு? யாரும்மா உள்ள?”

தட்டுவது நின்றது.

கதவு தள்ளியதும் திறந்தது. நாற்றம் முகத்தில் அடித்தது. ஒட்டுப்பாலின் நாற்றம், ஈரத்தில் அழுகிப் புளித்த ரப்பர் வாடை. சின்ன வயதில் தோட்டத்து லயத்தில் மாமா வீட்டுக்குப் போனபோது மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தது நினைவுக்கு வந்தது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரு ரப்பர் மரம்கூட இல்லாமல் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. குடையை வெளியே போட்டுவிட்டுப் போன் விளக்கைப் போட்டாள். பாய்கள், கிழிந்த வலை, சாக்கு ஓட்டத்துக்கான சாக்குகள். பாய்க்கட்டுக்குப் பின்னால் எட்டிப் பார்க்க உள்ளே நடந்தாள். அங்கே யாரும் இல்லை. நெஞ்சு லேசானது, இப்போது நிஜமாகவே பார்த்தாகிவிட்டது, குறி போட்டால் அது பொய்யில்லை.

திரும்பியபோது கதவு சாத்தியிருந்தது.

காற்று என்று நினைத்தாள். இழுத்தாள். வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, காலைச் சுவரில் ஊன்றி இழுத்தாள். பலகை துளி அசையவில்லை. பூட்டில்லாத கதவு. தாழ்ப்பாள் இல்லாத கதவு.

“உடையப்பண்ணே!” கத்தினாள். மழை அதை விழுங்கிவிட்டது. அவர்தான் போய்விட்டாரே. அவள்தானே போகச் சொன்னாள்.

தர்சிகாவை அழைத்தாள், போகவில்லை. நவமணிக்குச் செய்தி அனுப்பினாள், அது கிளம்பாமல் சுற்றிக்கொண்டே நின்றது. ஜன்னல் என்று இருந்த ஒன்றும் செங்கல் வைத்து அடைக்கப்பட்டிருந்தது. லீவு முடியும்வரை யாரும் இந்தப் பக்கம் வரப்போவதில்லை என்று அப்போதுதான் உறைத்தது. பயமாக இருந்தது, சின்னப் பிள்ளை மாதிரி அழுகை வந்தது. போனில் ஒரே ஒரு சின்னப் படம் மட்டும் உயிரோடு இருந்தது, புகார்ப் பக்கம். எழுதினாள்.

'பால் ஸ்டோருக்குள்ள புனிதவதி டீச்சர். கதவு தொறக்க வரல.'

போய்விட்டது! சிவப்பாக ஏறியது. கடவுளே, கடவுளே என்று போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். சதாசிவம் சாருக்குச் செய்தி போகும், நவமணிக்குப் போகும், யாராவது ஒருத்தர் படித்தால் போதும்.

போன் அதிர்ந்தது.

'சதாசிவம்: நேரில் பார்த்தேன், பாதுகாப்பாக இருக்கிறார்.'

“ஐயோ சார், படிங்க சார்...”

மறுபடி அதிர்ந்தது.

'நவமணி: நேரில் பார்த்தேன், பாதுகாப்பாக இருக்கிறார்.'

பச்சை. செலெசாய்.

மறுபடியும் எழுதினாள். காப்பாத்துங்க என்று எழுதினாள். சார் போன் பண்ணுங்க என்று எழுதினாள். இரண்டு குறி. பச்சை. நெடுஞ்சாலையில் எங்கோ ஓய்விடத்தில் தேநீர் ஆற்றிக்கொண்டே அவர் கட்டைவிரல் அமுக்குவதும், ஜன்னலோரம் சாய்ந்து நவமணி அமுக்குவதும் அவளுக்குக் கண்ணால் பார்ப்பது போலத் தெரிந்தது. அவர்கள் படிக்கவில்லை. அவளும் ஒரு நாளும் படித்ததில்லை. கதவில் ஓங்கி அடித்தாள், கை வலிக்க வலிக்க அடித்தாள்.

அடித்துக் களைத்து நிறுத்தினாள்.

தட்டும் சத்தம் நிற்கவில்லை.

கதவின் உள்பக்கம்தான். அவள் முழங்காலுக்குப் பக்கத்தில். மெல்ல. விட்டு விட்டு.

போனைக் கீழே திருப்ப அவளுக்குக் கை வரவில்லை. திரையில் புதிதாக ஒரு வரி ஏறியது. அவள் எழுதாத வரி.

'டீச்சர் வந்துட்டாங்க. இனிமே கதவு தொறக்க வேணாம்.'

தட்டுவது நின்றது.

புளித்த வாடை தொண்டைவரை ஏறியது. புடவை முந்தானை இழுபட்டது. முரட்டுத்தனமாக இல்லை. கடைத்தெருவில் தாயின் புடவையைப் பிள்ளை பிடித்துக்கொள்வது போல.

“யாரு...” என்றாள்.

மறுபடி இழுபட்டது. கீழே பார்க்கச் சொல்லி.

பார்க்கக் கூடாது. பார்க்க மாட்டேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். ஈரமான சின்னக் கை ஒன்று அவள் மணிக்கட்டைப் பிடித்து, போன் வெளிச்சத்தைத் தானே கீழே இறக்கியது. இமைகள் திறந்துகொண்டன.

அவள் இடுப்புயரம் இருந்தது அது. தலையிலிருந்து கால்வரை வெள்ளை. ஊற்றிய ரப்பர் பால் அப்படியே உறைந்து, தோலோடு தோலாக மேலே இழுத்து மூடியிருந்தது. முடி இல்லை. கண் இல்லை. மூக்கிருக்கும் இடத்தில் ஒரு சின்ன மேடு. அது அவளுக்கு நன்றாகத் தெரியும்படி முகத்தை அண்ணாந்து காட்டியது. வாய் இருக்க வேண்டிய இடத்தில் அந்தப் பால் ஆடை மூச்சை இழுப்பது போல உள்ளே உறிஞ்சி ஒட்டியது. வெளியே புடைத்தது. மறுபடி உள்ளே ஒட்டியது. மறுபடி புடைத்தது.