பதில் சொல்லாத அறை

கப்பல் கரைக்கு வந்தபோது மழை வலுத்துவிட்டது. லெய்பகோவா பையை வீட்டில் போடக்கூட நிற்காமல் நேராக நூலகத்துக்கு வந்தாள். தம்பி கல்யாணத்துக்கென்று லீவு போட்டுத் தன் சின்னத் தீவுக்குப் போயிருந்தாள். போன இடத்திலும் அவள் நினைப்பெல்லாம் நூலகத்து ஒலிநாடா அறையில்தான் இருந்தது.

துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் ஆஸ்பத்திரி. மருந்து வைப்பதற்காக நடுவில் ஜன்னலே இல்லாமல் ஓர் அறை கட்டியிருந்தார்கள். விளக்கை அணைத்தால் பட்டப்பகலிலும் உள்ளங்கை தெரியாது. நாடாக்களுக்கு அதுதான் நல்லது என்று அவள்தான் அந்த அறையைக் கேட்டு வாங்கினாள். முன்பு ஒரு புயல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனதில், தீவு தீவாக அலைந்து பதிவு செய்த குரல்களில் பாதி சேறாகிப் போயின. அந்த வயிற்றெரிச்சலில்தான் அவள் இந்த வேலையைத் தொடங்கினாள். நாடாவில் இருப்பதை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, மூன்று பிரதி எடுத்து, ஒன்றை இங்கேயும் ஒன்றை சாண்டோ தீவிலும் ஒன்றை ஆஸ்திரேலியாவிலும் வைத்தாள். ஒரு பிரதி கெட்டால், அழிந்தால், மற்ற இரண்டும் சேர்ந்து அதைப் பழையபடி ஆக்கிவிடும். இனி எந்தப் புயலும் ஒரு குரலைக்கூடத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

அறைக் கதவைத் திறந்ததும் நனைந்த பாயின் வாடை முகத்தில் அடித்தது. அதோடு தேங்காய் மட்டை புகைகிற நெடி.

கம்பிக் கதவு போட்ட அலமாரி திறந்து கிடந்தது.

அது டபு அலமாரி, விலக்குப் போட்டது. வாக்கு வாங்கிக்கொண்டு ஜனங்கள் ஒப்படைத்த நாடாக்கள் அதில் இருந்தன. இன்னார்தான் கேட்கலாம், இன்னார் கேட்கவே கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டு. அந்த வாக்கை நம்பித்தான் இந்த நாட்டில் பாதிப் பேர் வாயே திறந்தார்கள்.

பின்னால் கல்மெட் வந்து நின்றான். நாடா இயந்திரத்தை ஓட்டுகிறவன் அவன்.

"வந்ததும் வராததுமா சண்டைக்கு நிக்காதக்கா. காப்பி போடட்டா?"

"இத யாரு தொறந்தது?"

"டைரக்டர்தான். இந்தக் கம்ப்யூட்டர் தொகுப்போட தொறப்பு விழாவுக்குத் தூதரகத்து ஆளுங்க வர்றாங்களாம், நம்மகிட்ட சரக்கு காணாதாம். எல்லாத்தயும் ஏத்துடான்னாரு, ஏத்தினேன். நான் என்ன, சாவி வச்சிருக்கற ஆளா?"

"என் பெரியம்மா நாடாவுமா?"

கல்மெட் வாசல் பக்கம் பார்த்தான்.

"கேக்கறேன்ல? அது ஓடினப்ப உள்ள யாரு இருந்தீங்க?"

"யாருக்கா இருப்பா? நாடாவ மாட்டிட்டு, சத்தத்தக் கொறச்சிட்டு, காவாச் சாறு குடிக்கப் போயிட்டோம். எப்பவும் அப்படித்தான செய்வோம்?"

அப்படித்தான் செய்வார்கள். எல்லாரும் அப்படித்தான். ஒரு மணி நேர நாடா ஏறுவதற்கு ஒரு மணி நேரம் ஓடியாக வேண்டும். அதை உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க யாருக்குப் பொழுது இருக்கிறது? லெய்பகோவாவே சத்தத்தைக் குறைத்துவிட்டு எத்தனையோ முறை வெளியே போயிருக்கிறாள். ஆனால் பெரியம்மாவின் நாடாவை அப்படி ஓட்டவே கூடாது.

பெரியம்மா லெய்னசே அக்கம்பக்கத் தீவுகளில் பேர் போன பாட்டுக்காரி. அவள் ஊரில் இல்லாத சமயம் பார்த்து, அவளுக்கென்று இருந்த கடற்கரையை அண்ணன்மார்கள் ஒரு ஹோட்டல்காரனுக்கு விற்றுவிட்டார்கள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. திரும்பி வந்தவள் ஊர் நடுவில் நின்று, எடுத்தது யாரு என்று கூப்பிடத் தொடங்கினாள். அடிக்கவில்லை, சபிக்கவில்லை, கூப்பிட்டாள், அவ்வளவுதான். அந்தக் குரலுக்குப் பன்றிகள்கூடப் பட்டியை உடைத்துக்கொண்டு ஓடின என்பார்கள். கடைசியில் வீட்டுப் பெண்கள் அவளை உட்கார வைத்தார்கள். குரல் பதிவு செய்ய நூலகத்து ஆள் வந்தபோது, கோபம் முழுவதையும் நாடாவில் பாடி இறக்கிவிட்டாள். பிறகு சாகும்வரை அவள் ஒருவரையும் கடிந்து பேசியதில்லை.

அந்தப் பாட்டில் திரும்பத் திரும்ப ஒரே கேள்விதான். எங்கிட்டேருந்து எடுத்தது யாரு? ஒவ்வொரு தடவையும் கேட்டுவிட்டுக் கொஞ்சம் இடைவெளி விடுவாள். அந்த இடைவெளியில் அவள் வீட்டுப் பெண் ஒருத்தி பதில் சொல்ல வேண்டும். "நாங்க இருக்கோம். உக்காரு." அவ்வளவுதான் பதில். எந்தக் காரணத்துக்கும் ஒரு பெயரைச் சொல்லக் கூடாது. பதில் இல்லாமல் போனால் அந்தக் கேள்வி எழுந்து ஆளைத் தேடிக்கொண்டு போகும். வீட்டுப் பெண்கள் இல்லாமல் ஓட்ட மாட்டோம் என்று பாயும் பன்றியும் காணிக்கையாக வைத்து நூலகம் வாக்குக் கொடுத்தது.

இப்போது அந்தப் பாட்டு ஆளில்லாத அறையில் முழுவதும் ஓடி முடிந்திருந்தது.

டைரக்டர் ரூபன் தாரி வடக்குத் தீவுக்காரர். வாய் நிறையச் சிரிக்கிற மனிதர்.

"வாம்மா லெய்பகோவா! கல்யாணத்துல லப்லப்ப ஒரு வெட்டு வெட்டினியா?"

"டபு அலமாரிய யாரக் கேட்டுத் தொறந்தீங்க?"

"ஆரம்பிச்சிட்டியா. செத்தவங்க குரலப் பூட்டி வச்சா கரையான்தான் கேக்கும். பாதுகாக்கணும்னு கத்தினது நீதான?"

"பாதுகாக்கறதுக்கும் சந்தையில விரிக்கறதுக்கும் வித்தியாசம் தெரியாதா உங்களுக்கு? எங்க வீட்டு ஜனம் உங்கள நம்பிக் குடுத்தது அது!"

"உன் பேய்க்கதையெல்லாம் ஊரோட வச்சிக்க. விழா முடியட்டும், பேசுவோம்."

கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தாள். நேராகக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து பெரியம்மாவின் கோப்பை அழித்தாள்.

ஒரு மூச்சு விடுவதற்குள் அது திரும்பி வந்தது.

மறுபடி அழித்தாள். சாண்டோவிலிருந்து வந்தது. இன்னொரு முறை அழித்தாள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. பிரதிகள் மூன்றும் பழுதில்லை என்று திரை பச்சையாகச் சொன்னது. அவள் கட்டியது அவள் பேச்சையே கேட்கவில்லை.

"அக்கா," என்றான் கல்மெட் மெதுவாக. "இதக் கொஞ்சம் கேளேன்."

ஹெட்ஃபோனை நீட்டினான். ஏதோ ஒரு சர்ச்சில் பிள்ளைகள் பாடிய பழைய பதிவு. நல்ல பாட்டு. ஒரு அடி முடிந்து பிள்ளைகள் மூச்சு இழுக்கிற இடம் வந்தது.

"யாரு?"

அடுத்த அடி ஒன்றும் நடக்காததுபோல் தொடர்ந்தது.

கல்மெட் வேறொரு கோப்பைத் திறந்தான். யாரோ ஒரு தலைவர் கிழங்கு நடுவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். இருமுவதற்காக நிறுத்தினார். அந்த இருமலுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே, இன்னும் கிட்டத்தில், அதே குரல்.

"எங்கிட்டேருந்து எடுத்தது யாரு?"

எந்தப் பதிவைத் திறந்தாலும், எங்கே மௌனம் இருந்ததோ அங்கே அவள் நின்றிருந்தாள்.

கல்மெட்டின் நெற்றி வேர்த்திருந்தது. "அக்கா, எனக்கு அந்த பாஷ தெரியாது. ஆனா என்ன கேக்குதுன்னு புரியுது. பதில் சொல்லணும்னு வாயில வருதுக்கா."

அவன் உதடு பிரிவதைப் பார்த்து லெய்பகோவா எட்டி அவன் வாயைப் பொத்தினாள்.

"நீ பேசாத. எங்க வீட்டு ஆளு பேசணும். அந்த நாடாவ மொதல்லேருந்து மாட்டிட்டு நீ வெளிய போ."

"தனியா இருப்பியா?"

"தனியா எங்க இருக்கேன்?"

கல்மெட் நாடாவை மாட்டினான், சத்தத்தை ஏற்றினான், ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போனான். அவள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். சுருள் சுற்றத் தொடங்கியது. முதலில் இரைச்சல், பிறகு கடல் சத்தம், பிறகு குரல். அம்மாவின் குரல் மாதிரியே இருந்தது, கனிவு மட்டும் இல்லை.

"எங்கிட்டேருந்து எடுத்தது யாரு?"

"நாங்க இருக்கோம், பெரியம்மா. உக்காரு."

கதவுக்கு அந்தப் பக்கம் மழை கொட்டியது. எங்கோ இடி விழுந்து மின்சாரம் போனது. விளக்கு அணைந்தது, குளிர்சாதனம் நின்றது, திரை கறுத்தது.

நாடா நிற்கவில்லை.

கும்மிருட்டில் சுருள் சுற்றுகிற சத்தம் அவளைச் சுற்றி வந்தது. பாய் வாடை மூக்கின் அருகே வந்தது. யாரோ ஈரக் காலோடு நடப்பதுபோல் சிமெண்ட் தரையில் சப், சப் என்று கேட்டது. அவளுக்கு எழுந்து ஓட வேண்டும்போல் இருந்தது. ஓடவில்லை.

"யாரு?"

"நாங்க இருக்கோம். உக்காரு."

எத்தனை முறை சொன்னாளோ, தொண்டை வறண்டுவிட்டது. ஆனால் சொல்லச் சொல்ல அந்தக் குரல் இறங்கி வந்தது. காலடிகள் மெதுவாயின. புகை நெடி குறைந்தது. இருட்டில் யாரோ பெருமூச்சு விட்டபடி தரையில் குந்தப்போகிற மாதிரி பாவாடைத் துணி சரசரத்தது. இன்னும் ஒரே ஒரு கேள்விதான் பாக்கி என்று அவளுக்குத் தெரிந்தது.

கதவு படாரென்று திறந்தது. கையில் டார்ச் விளக்கோடு ரூபன் தாரி.

"கரண்ட் இல்லாத நேரத்துல என்னம்மா பூச? கல்மெட் வெளிய பேயறைஞ்சவன் மாதிரி நிக்கறான்."

அவள் கையை உயர்த்தித் தடுத்தாள். "போயிடுங்க. இப்ப பேசாதீங்க."

"பேசிட்டுப் போயிடறேன். கோவிச்சுக்காத. உன் பெரியம்மா பாட்டு பிரமாதம்! நம்ம விழாச் செலவ ஏத்துக்கிட்ட ஹோட்டல்காரங்க கேட்டாங்க, குடுத்துட்டேன். உங்க தீவுக் கடற்கரையில இருக்கே, அதே ஹோட்டல்தான். வரவேற்பறையில போடுவாங்களாம். வெள்ளக்காரங்க பழரசம் குடிச்சிக்கிட்டே கேப்பாங்க. பெருமதான உனக்கு?"

லெய்பகோவாவுக்குக் காதுக்குள் ரத்தம் இரைந்தது. கடற்கரையை எடுத்தார்கள். இப்போது அதைக் கேட்டு அழுத குரலையும் எடுத்து, அதே மண்ணில் கொண்டுபோய்ப் பழரசத்துக்குத் தொட்டுக்கொள்ளக் கொடுத்துவிட்டு, பெருமையா என்று கேட்கிறான்.

"எங்கிட்டேருந்து எடுத்தது யாரு?"

குரல் மிகவும் தணிந்திருந்தது. களைத்துப் போனவள் கேட்கிற மாதிரி. உட்காரச் சொன்னால் உட்கார்ந்துவிடுவாள்.

சொல்ல வேண்டியது அவள் நாக்கின் நுனியில் இருந்தது.

"இதோ நிக்கறான்," என்றாள் லெய்பகோவா. "ரூபன் தாரி."

நாடா நின்றது.

தாரி சிரித்தார். என்ன சொன்னாய் என்று கேட்பதற்காக வாயைத் திறந்தார். வாய் அசைந்தது, குரல்வளை ஏறி இறங்கியது, சத்தம் வரவில்லை. டார்ச் விளக்கு கையிலிருந்து விழுந்து உருண்டது. அந்த வெளிச்சத்தில் அவர் பின்னால் இன்னும் இரண்டு கால்கள் தெரிந்தன. ஈரமாக, மணல் ஒட்டி.

நின்றுபோன இயந்திரத்தின் ஸ்பீக்கரிலிருந்து தாரியின் குரல் வந்தது. அவளுடைய தீவின் பாஷையில். தாரிக்கு அதில் ஒரு சொல்கூடத் தெரியாது.

"நான்தான். நான்தான் எடுத்தேன்."

விழா நடக்கவில்லை. ஆஸ்பத்திரியில் தாரியின் தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். அவர் வாய் மட்டும் விடாமல் அசைந்துகொண்டிருக்கிறது, தூக்கத்திலும். கல்மெட் வேலையை விட்டுவிட்டு அண்ணன் வீட்டோடு போய்விட்டான். ஹோட்டலில் அந்தப் பாட்டைப் போட்டார்களா என்று யாரும் சொல்லவில்லை. அங்கே இப்போது ஆள் தங்குவதில்லை என்று கப்பலில் வருகிறவர்கள் பேசிக்கொள்கிறார்கள்.

லெய்பகோவா மட்டும் தினமும் வருகிறாள். ஆஸ்திரேலியாவில் பிரதியைப் பார்த்துக்கொள்கிற பெண் ஒருநாள் போனில் கேட்டாள்.

"ஏங்க, அந்த லெய்னசே கோப்பு நாளுக்கு நாள் நீண்டுக்கிட்டே போகுதே, நீங்க ஏதாவது சேக்கறீங்களா? அதுல ஓர் ஆம்பள அழறாரே, யாருங்க அவரு?"

லெய்பகோவா போனை வைத்தாள். அன்றைக்குத்தான் அவளுக்குக் கோப்பைத் திறக்கத் தைரியம் வந்தது. ஒவ்வொரு இடைவெளியிலும் தாரி கெஞ்சிக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்த இடத்துக்குப் பிறகு லெய்பகோவாவின் குரலே வந்தது, தெளிவாக, வெறுப்போடு. இதோ நிக்கறான். அதுவும் பதிவாகியிருந்தது. மூன்று பிரதிகளிலும். இனி எந்தப் புயலும் அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

அதற்கும் பின்னால், நாடாவில் எந்தக் காலத்திலும் இல்லாத ஒரு வரி இருந்தது. பெரியம்மாவின் குரலில் இப்போது களைப்பே இல்லை. வயிறு நிறையச் சாப்பிட்டவள் பேசுகிற மாதிரி இருந்தது.

"சரி. அடுத்தது யாரு?"

பிறகு இடைவெளி.

உட்காரு என்று சொல்ல லெய்பகோவா வாயைத் திறந்தாள். அந்தச் சொல் வரவில்லை. அது இருந்த இடத்தில் ஒரு பெயர் வந்து நின்றது. அதன் பின்னால் இன்னொரு பெயர், அதன் பின்னால் இன்னும் ஒன்று. அவள் இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஹெட்ஃபோனுக்குள் பெரியம்மா பொறுமையாகக் காத்திருந்தாள்.