அட்டைக்குத் தெரியும்

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாத நேரத்தில் நன்மாறன் தன் பதிலியைப் பெரியப்பாவின் சாவுக்கு அனுப்பி வைத்தான். வெள்ளை வேட்டி, ரோஜா மாலை, அழுகை நடுத்தரம், கிளம்பும்போது யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வருவது என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, லிஃப்டில் ஏற்றிவிட்டு, தன் மலையேற்றப் பையைத் தோளில் மாட்டினான்.

பதிலி என்பது பார்வைக்கு அவனேதான். அதற்கு வியர்க்கும், மூச்சு வாங்கும், மண்டபத்துக் கூட்டத்தில் செருப்பைக்கூடத் தொலைத்துவிட்டு வரும். சாயங்காலம் திரும்பியதும், காதுக்குப் பின்னால் பதித்திருக்கும் வில்லை வழியாக அன்றைய நினைவு உரியவர் மண்டைக்குள் இறங்கிவிடும். போனதுக்குப் போன மாதிரியும் ஆச்சு, தூங்கினதுக்குத் தூங்கின மாதிரியும் ஆச்சு. ஊரில் ஆபீஸ் கூட்டம், வளைகாப்பு, பள்ளிக்கூடத்துப் பெற்றோர் சந்திப்பு எல்லாம் இப்படித்தான் நடந்துகொண்டிருந்தன. நேரடியாகக் கேட்டால் பதிலி பொய் சொல்லக் கூடாது என்பது சட்டம். யாரும் கேட்பதில்லை என்பது நாகரிகம்.

பெரியப்பா வீட்டில் தங்கித்தான் நன்மாறன் நான்கு வருஷம் கல்லூரிக்குப் போனான். நேரில் போகத்தான் நினைத்தான். ஆனால் பெரியப்பா சனிக்கிழமை மாலைதான் கண்ணை மூடினார். ஞாயிற்றுக்கிழமை மலையேற்றமோ இரண்டு மாதம் முன்பே முடிவானது.

அதுவும் சாதாரண மலையேற்றம் இல்லை. கல்லூரி நண்பர்கள் நாலு பேரும் ரத்தமும் சதையுமாகச் சந்தித்து ஆறு வருஷமாகிவிட்டது. வியாழக்கிழமை ஜெசிந்தா நிலாக் குடியிருப்புக்கு வேலைக்குப் போகிறாள். ஒப்பந்தம் இருபது வருஷம். இந்த ஒரு நாளை விட்டால் அவளை நேரில் பார்க்க வழியில்லை. அதனால் நன்மாறன் குழுவில் ஒரே ஒரு நிபந்தனை போட்டான்: பதிலி கூடாது. ஜெசிந்தா, ரஃபீக், கதிரேசன் மூவரும் தாய்மேல் சத்தியம் செய்தார்கள். ரஃபீக் மட்டும் தன் முழங்காலையும் சேர்த்துக்கொண்டான்.

மலையையும் நன்மாறனே தேர்ந்தெடுத்தான். நரிமொட்டை. ஏற ஆறு கிலோமீட்டர், புதியவர்களுக்கு மூன்று மணி நேரம். முதல் பாதி சோலைக்காடு, அப்புறம் உச்சிவரை புல்வெளி. விடுமுறை நாளில் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டெல்லாம் ஏறுவார்கள். வன இலாகா அனுமதி வாங்கினான், ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் என்று கணக்குப் போட்டான், புது ஷூ போட்டுக்கொண்டு வராதீர்கள் என்று மூன்று தடவை எழுதினான். பதினொரு மாடி படிக்கட்டை ஒரு மாதம் தினமும் ஏறி இறங்கிக் காலைப் பழக்கினான். நாலு பொட்டலம் புளிசாதம் கட்டினான்.

அடிவாரத்தில் மூவரும் சொன்ன நேரத்துக்கு வந்து நின்றார்கள். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். கதிரேசன் பரீட்சைக்கே அரை மணி தாமதமாக வந்தவன். ஆனால் சந்தோஷத்தில் இருப்பவனுக்கு அதெல்லாம் எங்கே தோன்றும்.

வழிகாட்டி மயிலாத்தா என்ற நடுவயதுப் பெண்மணி. நால்வரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அட்டைக்கடிக்கு வைத்திருந்த உப்பு முடிச்சு ஒன்றை எடுத்து நன்மாறனிடம் நீட்டினார். மற்றவர்களுக்கு என்று கேட்டான்.

"இது ஒண்ணே போதுமுங்க."

நிலாவுக்குப் போகிறவள் காலில் தழும்பு எதற்கு என்று அதை ஜெசிந்தாவிடம் கொடுத்துவிட்டான்.

முந்தின நாள் பெய்த மழையில் சோலை ஊறிக் கிடந்தது. ரஃபீக் அழகாக மூச்சு வாங்கினான். கதிரேசன் பாறைக்குப் பாறை உட்கார்ந்து தன் தொப்பையைத் திட்டினான். ஜெசிந்தா நன்மாறனின் அம்மாவுக்கு நடந்த கண் ஆபரேஷனைத் தேதியோடு விசாரித்தாள். நேரில் வந்தால்தான் இந்த அக்கறை வரும் என்று அவன் நெகிழ்ந்துபோனான்.

புல்வெளியில் ஏறியதும் பேன்ட்டைச் சுருட்டிப் பார்த்தான். பதினேழு அட்டைகள். உப்பு இல்லாமல் நடந்த ரஃபீக்கின் காலில் ஒன்றுகூட இல்லை. கதிரேசன் காலிலும் இல்லை. ஜெசிந்தா கையில் முடிச்சு அவிழ்க்கப்படாமலே இருந்தது.

மயிலாத்தா தன் கணுக்காலில் இருந்த ஒன்றைச் சுண்டிவிட்டபடி சொன்னார்: "அட்டைக்குத் தெரியுமுங்க."

நன்மாறன் வாழ்க்கையில் முதல் தடவையாக நாகரிகத்தை மீறி நேரடியாகக் கேட்டான். சட்டப்படி மூன்றும் தலையாட்டின. ஜெசிந்தா வீட்டில் மூட்டை கட்டுகிறாளாம். கதிரேசன் தூங்குகிறானாம். ரஃபீக்குக்கு முழங்கால் வலியாம். மற்ற மூவரும் நேரில் வருகிறார்கள், மனசு நோகும், காட்டிக்கொள்ளாதே என்று மூவருமே சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

மூன்று பதிலிகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. ரஃபீக்கின் பதிலிக்குத்தான் ரொம்ப வருத்தம். "அப்ப நான் யாருக்குடா இவ்வளவு நேரம் மூச்சு வாங்கிட்டு வந்தேன்?"

உச்சியில் மேகம் காலுக்குக் கீழே போயிற்று. நன்மாறன் தனியாக உட்கார்ந்து நாலு பொட்டலம் புளிசாதத்தில் ஒன்றைத் தின்றான். மூன்று பதிலிகளும் கொஞ்சம் தள்ளி, அவன் மனம் நோகாத தூரத்தில், மரியாதையாக நின்றன. இறங்குகிற வழியெல்லாம் ரத்தம் கசிந்துகொண்டே வந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தான். அதற்குள் குழுவில் ஜெசிந்தாவின் குரல் வந்திருந்தது. உச்சியில் நின்றபோது கண் கலங்கிவிட்டதாம், என்ன இருந்தாலும் நேரில் பார்க்கிற மாதிரி வருமா என்றாள். நினைவைப் பதினாறு மடங்கு வேகத்தில் ஏற்றியிருப்பார்கள். சங்கடமான பகுதிகளை வில்லையே கழித்துவிடும். மாட்டிக்கொண்ட விஷயம் ஒருத்தருக்கும் தெரியாது. துரோகம் என்று தொடங்கி நீளமாக ஒன்று எழுதினான். அழித்தான். நிலாவுக்குப் போகிறவளிடம் என்ன சண்டை.

மூலையில் அவனுடைய பதிலி வேட்டி கசங்கி நின்றிருந்தது. அலுப்போடு வில்லையைத் திறந்து, சாவு வீட்டைப் பதினாறு மடங்கு வேகத்தில் ஓட்டினான். சங்கு, பந்தல், ஏகப்பட்ட மாலை. எங்கேயோ ஓர் இடத்தில் ஒரு கை அவன் கையைப் பிடித்தது. வேகத்தைக் குறைத்தான். பெரியம்மா.

"அத்தனை பேரும் பொம்மையை அனுப்பிட்டாங்க சாமி. எனக்குத் தெரியாதா? கண்ணைப் பாத்தாலே தெரியும். நீ ஒருத்தன்தான் வந்திருக்க."

கேள்வியாக இல்லாததால் பதிலி உண்மை சொல்ல வேண்டியிருக்கவில்லை. "சாப்பிட்டீங்களா பெரியம்மா?" என்று கேட்டது. பெரியம்மா அதன் தோளில் சாய்ந்து அழுதார். பதினாறாம் நாள் காரியத்துக்கும் வந்துவிடு என்றார்.

நன்மாறன் வில்லையை அணைத்தான். அட்டை கடித்த இடம் பதினேழும் அரித்தன. இப்படி ஒரு குற்ற உணர்ச்சி அவனுக்கு வந்ததே இல்லை. பதினாறாம் நாள் என்ன கிழமை என்று அடக்கத்திலிருந்து எண்ணிப் பார்த்தான். திங்கள். ஆபீஸில் பெரிய கூட்டம் இருந்தது; ஒரு முறையாவது நேரில் முகத்தைக் காட்டும்படி மேலாளர் கேட்டிருந்தார்.

எழுந்து போய்ப் பதிலியின் முதுகுப் பலகையைத் திறந்தான். நடுத்தரத்தில் இருந்த அழுகையை, மனசு கேட்காமல், அதிகத்தில் வைத்தான்.