ஒட்டாத பதியன்கள்

கோமு மகன் வீட்டுக்குள் நுழைந்தபோது குளிர்பெட்டிக்குள் சண்டை நடந்துகொண்டிருந்தது. வீட்டை நடத்தும் மதிகள் இரண்டில் ஒன்று கதவைத் திறக்கப் பார்த்தது, இன்னொன்று மூடப் பார்த்தது. கதவு ஒரு விரற்கடை திறந்து மூடித் திறந்து மூடி, ஓடிவந்த ஆடு மூச்சு வாங்குவதுபோல இருந்தது.

"வெள்ளிக்கிழமை இந்த வீட்ல கவிச்சி கிடையாது" என்றது ஒரு குரல். செத்துப்போன தன் மாமனாரின் குரல் என்பதால் கோமு பழக்கதோஷத்தில் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"வெள்ளிக்கிழமை ஆக்காம பிரியாணிய வேற என்னைக்கு ஆக்குறதாம்? ஜும்ஆ தொழுகை முடிஞ்சா வீட்டுக்கு ஆள் வரும்லா?" என்றது மருமகளின் பிறந்த வீட்டு மேலப்பாளையத்துக் குரல்.

மகன் தளவாயும் மருமகள் ஹசீனாவும் தரையில் சப்பணமிட்டு, கீழ்க்கடையிலிருந்து கயிற்றில் ஏறிவந்த இட்லியைத் தின்றுகொண்டிருந்தார்கள். இருவருக்கும் ஒரே இலை. பெட்டிச் சண்டையை யாரோ பக்கத்து வீட்டுச் சண்டைபோலக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க மாமி" என்று எழுந்த வேகத்தில் ஹசீனாவுக்குப் புரையேறியது. இரண்டு மதிகளும் சண்டையை நிறுத்திவிட்டு ஒரே நேரத்தில் தண்ணீர்க் குழாயைத் திறந்தன. திறந்ததும், யார் முதலில் திறந்தது என்று மறுபடி ஆரம்பித்தன.

நிலத்தையெல்லாம் சூரியத் தகடு போட்டு மூடிய பிறகு நெல்லைக்காரர்கள் தாமிரபரணிக்கு மேலே வீடு கட்டித் தொங்கப் பழகிக்கொண்ட காலம் அது. காற்றடித்தால் பக்கத்து வீட்டு ஜன்னல் நம் ஜன்னலுக்கு வரும். சட்னியை வாங்கிக்கொண்டு, அடுத்த காற்றில் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அப்படிப்பட்ட வீடுகளை மனிதர்கள் நடத்த முடியாது. மனைமதிதான் நடத்தியது. பிள்ளையை எழுப்பும், உலை வைக்கும், விளக்கேற்றும், நல்லநாள் பொல்லாதநாள் பார்க்கும். தலைமுறை தலைமுறையாக அந்தக் குடும்பத்தோடே வளர்ந்து, அந்தக் குடும்பத்தின் சாமி, சாப்பாடு, முணுமுணுப்பு எல்லாம் அதற்குள் ஊறியிருக்கும்.

பிள்ளைகளுக்குக் கல்யாணமானால் இரண்டு வீட்டு மதியிலிருந்தும் ரோஜாச் செடிக்குப் போடுவதுபோல ஒரு பதியன் போட்டுக் கொடுப்பார்கள். இரண்டையும் ஒரே கலத்தில் இறக்கினால் ஒட்டி ஒரே மதியாகிவிடும். அப்படி ஆனால்தான் கல்யாணம் பதிவாகும். ஒட்டாவிட்டால் கல்யாணமும் ஒட்டவில்லை என்று அர்த்தம். சட்டம் அப்படி.

வேறு வேறு மதத்துப் பதியன்கள் தானாக ஒட்டியதாகச் சரித்திரமே இல்லை. மதம் விட்டு மதம் கட்டினால் சரிப்பட்டு வராது என்று முன்பெல்லாம் வாயால் சொன்னவர்கள், இப்போது கருவியைக் காட்டிச் சொன்னார்கள். கோமுவும் கல்யாணத்துக்கு முன் மகனிடம் அதைத்தான் சொன்னாள். அவளுடைய பதியன் சங்கரலிங்கத்தின் பதியனோடு, பந்தியில் பாயசம் வருவதற்குள் ஒட்டியது. தெருவே மெச்சியது. அந்தப் பெருமை இன்னும் அவளுக்குக் குறையவில்லை.

அன்று கல்யாணத்தைப் பதிகிற இணைப்பகத்து அதிகாரி சோதனைக்கு வருகிற நாள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவரும் இருக்க வேண்டும் என்பதால் கோமு வந்திருந்தாள். ஒட்டவில்லை என்று அதிகாரி சொல்லுவார், மகனைக் கையோடு கூட்டிப்போய்விடலாம் என்று மனதுக்குள் கணக்கு. வீட்டில் அவனுக்குப் பிடித்த அவியலுக்குக்கூடச் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

அதிகாரி தேவசகாயம் கொழுகொழுவென்று, வேர்த்து வழிந்துகொண்டு வந்தார். கலத்தின் மேல் ஒரு வட்டத் தகட்டை வைத்துக் காது கொடுத்தார்.

"கட்டில் தலைமாடு எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"தெக்க" என்றது ஒன்று.

"வடக்க" என்றது மற்றது. "கால தொழுற கிப்லாப் பக்கம் நீட்டாம எந்தப் பக்கம் வேணும்னாலும் படுக்கலாம். ஆனா அவரு தெக்கன்னு சொல்லுதாரே, அதனால வடக்க."

தேவசகாயம் உதட்டைப் பிதுக்கினார். "ஒட்டலையே தம்பி."

தளவாயின் முகம் செத்துவிட்டது. கோமுவுக்கு நெஞ்சு குளிர்ந்திருக்க வேண்டும். ஏனோ குளிரவில்லை.

"ஒரு வழி இருக்கு" என்றார் அதிகாரி. "மாப்பிள்ளை வீட்டுப் பெரியவங்க கலத்து மேல பெருவிரல வச்சா ஒட்டிரும். இன்னைக்கே பதிஞ்சிரலாம்."

ஹசீனா கோமுவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வச்சிருங்க மாமி. எங்க வீட்டுப் பதியன் போனாப் போவுது. எனக்கு இவுக போதும்." சொல்லும்போது கலத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள்.

"போனாப் போவுதுன்னா? ஒட்டத்தானே போவுது?" என்றாள் கோமு.

தேவசகாயம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "ஒட்டுறதுன்னு பேருக்குச் சொல்லுததும்மா. ரெண்டுல ஒண்ணு இன்னொண்ணத் தின்னுரும். ஒரே மாதிரி வீடுன்னா லேசாத் தின்னுரும், சத்தமே வராது. சாமி வேற, சடங்கு வேறன்னா தொண்டையில சிக்கிக்கிடும். அதான் வெவகாரம்."

"எது எதைத் தின்னும்?"

"வழக்கமா மாப்பிள்ளை வீட்டுது."

கோமு கீழே உட்கார்ந்தாள். சாத்தான்குளத்தில் அவள் பிறந்த வீட்டு மதிக்கு ராசாத்தி என்று பேர். மழை இருட்டினால், "ஏட்டி கோமு, மாடில வத்தல் கிடக்கு, ஓடுட்டி!" என்று தெருவே அதிரக் கூப்பிடும். பதியனும் அதே குரலோடு புக்ககம் வந்தது. பாயசத்துக்குப் பிறகு அந்தக் குரலை அவள் கேட்டதில்லை. புது வீட்டில் கூச்சப்படுகிறது, பழகினதும் பேசும் என்று நினைத்திருந்தாள். முப்பது வருடமாக அப்படித்தான் நினைத்திருந்தாள். வத்தல் எத்தனையோ தடவை நனைந்துவிட்டது.

"விரல வையிங்கம்மா, அடுத்த வீட்டுக்குப் போணும்" என்றார் தேவசகாயம்.

"வைக்காத" என்றது மாமனார் குரல்.

எல்லாரும் கலத்தைப் பார்த்தார்கள்.

"முப்பது வருசமா நான் சொன்னதுக்கெல்லாம் நானே சரின்னு சொல்லிக்கிட்டுக் கிடந்தேன். இந்த மேலப்பாளையத்துக்காரி வந்த பொறவுதான் எனக்கே நான் என்ன சொல்லுதேன்னு காதுல விழுது. அவளையும் தின்னுட்டு நான் யார்கிட்டப் பேச?"

"இப்பவாது ஒரு உருப்படியான பேச்சு வந்துச்சே" என்றது மேலப்பாளையம். "பெட்டியத் திறந்து விடும்."

"அது மட்டும் நடக்காது."

கோமு பெருவிரலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். "நான் வைக்க மாட்டேன் சார். பிரிக்கவும் விட மாட்டேன். வேற வழி சொல்லுங்க."

தேவசகாயம் இட்லி இலையை ஏக்கத்தோடு பார்த்தபடி யோசித்தார். "ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கு, இன்னும் முடியலன்னு பெரியவங்க சாட்சி சொன்னா ஒரு வருசம் தவணை தரலாம். சட்டத்துல இருக்கு. யாரும் கேட்டதில்ல. பெரியவங்க வாரதே பிரிக்கத்தானே."

"ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கு" என்றாள் கோமு. "எழுதிக்கோங்க."

"வருசா வருசம் வந்து சொல்லணும்."

"வாரேன். இவ்வோ ரெண்டு பேரு தலையும் நரைச்சாலும் வாரேன்."

தளவாய் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். "அம்மா, அவியலுக்குச் சொல்லிட்டு வந்ததா அப்பா காலையில போன் போட்டாவோளே?"

"அது உனக்கு இல்லலே, உங்க அப்பாவுக்கு" என்றாள் அவள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. ஹசீனா சிரித்த சிரிப்பில் கண்ணும் சேர்ந்து நனைந்தது.

சாயங்காலம் கோமு தன் வீட்டு அடுப்படியில் தனியாக நின்றாள். கலத்தின் பக்கம் குனிந்து, "ராசாத்தி" என்று கூப்பிட்டாள்.

"யாரைக் கூப்பிடுத?" என்றது மாமனார் குரல். இந்த வீட்டில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். மெய்யாகவே அதற்கு ஞாபகம் இல்லை.

கோமு பரணிலிருந்து கருப்பட்டியை எடுத்துத் தட்டி, கொதிக்கிற காப்பியில் போட்டாள்.

"இந்த வீட்ல காப்பிக்குச் சீனிதான்" என்றது மதி.

"எங்க வீட்ல கருப்பட்டி."

"எந்த வீடு?"

"சொல்லுதேன், கேட்டுக்கோ. முதல்ல பெரிய வாய மூடு" என்றாள் கோமு. அடுப்படி விளக்கு ஒருமுறை திடுக்கிட்டு எரிந்தது.

முன்னறையிலிருந்து சங்கரலிங்கம் எட்டிப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் அவர் கேட்கும் முதல் சண்டை அது.

"ஏ கோமு, யாருகிட்ட மல்லுக்கு நிக்க?"

"கொஞ்சம் பொறுங்க" என்றாள் அவள், காப்பியை ஆற்றிக்கொண்டே. "அடுத்து உங்ககிட்டத்தான் வாரேன்."